தங்க முஷ்டி

முதலில் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். அது புரியாமல் ஆளைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆஸ்திரேலியர்கள் செல்லமாக 'ஃபுட்டி' என்று கூப்பிடும் விளையாட்டுக்கும் பீலே, மரடோனா ஆடிய கால்பந்துக்கும் பெயரைத் தவிர பெரிய சம்பந்தம் கிடையாது. பந்து முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம். கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடுவதால் அப்படி. ஆட்டம் பிறந்ததே கிரிக்கெட்டால்தான். 1858-ல் டாம் வில்ஸ் என்ற மெல்போர்ன் கிரிக்கெட் வீரர், குளிர்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தால் ஆட்டக்காரர்களின் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று கவலைப்பட்டுப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த வருடமே விதிகள் தயார்.

பக்கத்துக்கு 18 பேர். காலால் உதைக்கலாம். கையால் பிடிக்கலாம். முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எதிராளியின் முதுகில் முட்டியை ஊன்றி ஏறி, அந்தரத்தில் பந்தைப் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால் ஊரே எழுந்து நின்று கைதட்டும். ஆஃப்சைடு கிடையாது. ஆகவே உங்களை இடிக்க வருகிறவன் எந்தத் திசையிலிருந்தும் வரலாம். ஹெல்மெட்? ம்ஹும். அதெல்லாம் கௌரவக் குறைச்சல்.

இந்த ஆட்டத்தின் மீது மெல்போர்னுக்கு இருப்பது விருப்பம் இல்லை, வெறி. 1970 இறுதிப் போட்டியை மைதானத்துக்கு வந்து பார்த்தவர்கள் 1,21,696 பேர்.

இதில் கோல் அடிக்கிறவனுக்குச் சிலை வைப்பார்கள். ஆனால் கோல் அடிக்கவிடாமல் தடுக்கிறவன் என்று ஒருத்தன் உண்டு. ஃபுல் பேக். எதிரணியின் மிகச் சிறந்த அடிதடி ஆசாமியோடு ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டே ஓட வேண்டும். அவன் பந்தைப் பிடிக்கத் தாவும்போது இவனும் தாவி, முஷ்டியால் பந்தைக் குத்தி வெளியே தள்ள வேண்டும். பத்து முறை தடுத்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். பதினோராவது தடவை தவறவிட்டால் ஊரே திட்டும். கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கமே இல்லாத உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேனி ஃப்ராலி அந்த உத்தியோகத்தில் 240 ஆட்டங்கள் ஆடினார்.

*

விக்டோரியா மாநிலத்தில் பல்லாரட் என்றொரு ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் தோண்டிப் பணக்கார ஊரானது. அதற்குப் பக்கத்தில் பங்காரீ. இங்கே தோண்டினால் தங்கத்தைவிட நிச்சயமாகக் கிடைப்பது உருளைக்கிழங்கு. அந்த ஊரின் கிழங்கு விவசாயக் குடும்பத்தில் 1963 செப்டம்பர் 8-ம் தேதி பிறந்தவர் ஃப்ராலி. உருளைக்கிழங்குக்கு ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'ஸ்பட்' என்று பெயர். மெல்போர்னுக்கு வந்ததும் அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. கடைசிவரை விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை.

1984-ல் அவர் சேர்ந்தது செயின்ட் கில்டா கிளப்பில். சேர்ந்த நேரம் அப்படி. கிளப் கிட்டத்தட்டத் திவால். கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு, டாலருக்குக் கால்வாசிகூடத் தேறாது, கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஆளை விடுங்கள் என்று பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1983, 84, 85, 86 என்று தொடர்ந்து நான்கு வருடங்கள் பட்டியலில் கடைசி இடம். அந்த கிளப் தன் சரித்திரத்தில் ஜெயித்த ஒரே கோப்பை 1966-ல். அதுவும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்.

இப்படி ஒரு கப்பலுக்கு 1987-ல் ஃப்ராலியை கேப்டன் ஆக்கினார்கள். வயது இருபத்து மூன்று. ஒன்பது வருடங்கள், 1995-ல் ஓய்வு பெறும்வரை, அவர்தான் கேப்டன். அந்த கிளப்பில் அதற்கு முன்னால் யாரும் அவ்வளவு காலம் அந்தப் பதவியில் தாக்குப்பிடித்ததில்லை.

அதே அணியின் இன்னொரு கோடியில் டோனி லாக்கெட் இருந்தார். அவரும் பல்லாரட்காரர்தான். மொத்தம் 1,360 கோல்கள் அடித்து, இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனையை வைத்திருக்கும் ராட்சதர். சனிக்கிழமை வந்தால் கூட்டம் லாக்கெட்டைப் பார்க்க வந்தது. மறுமுனையில் ஃப்ராலி தன்பாட்டுக்கு மோதி, விழுந்து, எழுந்து, மறுபடியும் மோதிக்கொண்டிருந்தார். 1991-ல் பதினெட்டு வருடம் கழித்து செயின்ட் கில்டா நாக்-அவுட் சுற்றுக்குப் போனது. கோப்பை மட்டும் கிடைக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் தலையில் அடிபட்டால் என்ன செய்வார்கள்? ஈரத் துணியால் முகத்தைத் துடைப்பார்கள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார்கள். சரியாகச் சொல்லிவிட்டால் உள்ளே போ. ஆட்டக்காரர்களும் அதைத்தான் விரும்பினார்கள். வெளியே உட்கார்ந்தால் கோழை என்று பெயர் வரும். இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

*

ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர் வேலை. 2000-ல் ரிச்மண்ட் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இரண்டாவது வருடமே அணி அரையிறுதிக்குப் போனது. ரசிகர்கள் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவ்வளவுதான். அதன் பிறகு சறுக்கல். 2004-ல் கடைசி 14 ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்று, பட்டியலில் கடைசி இடத்துக்கு வந்து நின்றது ரிச்மண்ட். தோளில் தூக்கியவர்களில் சிலர் முகத்தில் துப்பவும் தயாராக இருந்தார்கள். இதை உவமையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவர் மீது எச்சில் துப்பினார்கள். வேலை போனது.

நாற்பத்தொரு வயது. ஆட்டக்காரராகக் கோப்பை இல்லை. பயிற்சியாளராகக் கோப்பை இல்லை. வேறொருவராக இருந்தால் ஊருக்குத் திரும்பிக் கிழங்கு பயிரிடப் போயிருப்பார்.

ஃப்ராலி மைக்கைப் பிடித்தார்.

ட்ரிபிள் எம் வானொலி. பிறகு ஃபாக்ஸ் ஃபுட்டி தொலைக்காட்சி. அலங்காரமான பேச்சு கிடையாது. வார்த்தைகள் குழறும். பழமொழிகள் தலைகீழாக வரும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், இவர் அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார். வர்ணனையாளர்களில் புத்திசாலிகள் நிறையப் பேர் உண்டு. தன்னைத் தானே கிண்டலடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் எண்ணிக்கை குறைவு. ஜனங்களுக்கு அதுதான் பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் 'பவுன்ஸ்' என்றொரு நிகழ்ச்சி. உடன் இருந்தவர் ஜேசன் டன்ஸ்டால். 1,254 கோல்கள் அடித்த ஹாதார்ன் வீரர். அதாவது, எந்த வகை ஆசாமியைத் தடுப்பதற்காக ஃப்ராலி பன்னிரண்டு வருடம் உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டாரோ, அந்த வகையின் உச்சம். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால் எப்படி இருக்கும்? மாமியாரையும் மருமகளையும் ஒரே சோபாவில் உட்காரவைத்த மாதிரி. செம ஹிட்.

அந்த நிகழ்ச்சியில் ஃப்ராலி ஆரம்பித்ததுதான் 'தங்க முஷ்டி' விருது. கோல் அடிக்கிறவனுக்கு ஆயிரம் விருதுகள் இருக்கின்றன, பந்தைக் குத்தி வெளியே தள்ளுகிறவனுக்கு என்ன இருக்கிறது? சிறந்த குத்துகளைத் தேடிப் பிடித்து வாராவாரம் போட்டுக் காட்டினார். வருடக் கடைசியில் கோட்டு சூட்டு சகிதம் விழா மாதிரியே எடுத்தார். எல்லாம் ஜோக்தான். ஆனால் யாரும் கவனிக்காத உழைப்பாளிகளுக்கு அந்த ஜோக்கில் ஒரு மரியாதை இருந்தது. ஃபுல் பேக் ஆடுகிற பையன்கள் அந்த விருதுக்கு நிஜமாகவே ஆசைப்பட்டார்கள்.

*

நாட்டையே சிரிக்கவைத்தவர் வீட்டில் தூங்காமல் இருந்தார்.

கேமராவுக்கு முன்னால் இருந்தபோதே பயிற்சியாளர்கள் சங்கத்தின் தலைமை நிர்வாகியாகவும் ஃப்ராலி வேலை பார்த்தார். வேலையிழந்த பயிற்சியாளர்களுக்கு ஆறுதல் சொல்வது, அவர்களுடைய மன அழுத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவது எல்லாம் அதில் அடக்கம். 2014-ல் அவரே உடைந்து போனார். தூக்கம் போயிற்று. சின்ன முடிவுகூட எடுக்க முடியவில்லை. பதவியை விட்டு விலகினார்.

பிற்பாடு இதை அவர் மறைக்கவில்லை. பங்காரீயில் ஓர் ஆண்பிள்ளை அழக் கூடாது. மைதானத்தில் வலிக்கிறது என்று சொல்லக் கூடாது. அந்த வளர்ப்பில் வந்தவர், எனக்கு முடியவில்லை, டாக்டரிடம் போனேன், உதவி கேட்டேன் என்று பகிரங்கமாகப் பேசினார். வானொலியில் ஆண்களின் மனநலத்துக்கென்றே நிகழ்ச்சி நடத்தினார். கேட்டவர்கள் மனசு விட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ஸ்பட்டே சொல்கிறார் என்றால் நாமும் சொல்லலாம்.

2019 செப்டம்பர் 8. ஐம்பத்தாறாவது பிறந்தநாள். மறுநாள் மதியம், தான் பிறந்த பங்காரீக்கு அருகே மில்புரூக் என்ற இடத்தில் அவர் தனியாக ஓட்டிச் சென்ற கார் மரத்தில் மோதியது. ஃப்ராலி இறந்துபோனார்.

செயின்ட் கில்டாவின் பழைய மூராபின் மைதானத்திலேயே இறுதி அஞ்சலி நடந்தது. எதிரணிகளில் ஆடியவர்கள் எல்லாம் வந்து நின்று அழுதார்கள்.

கதை அங்கே முடிந்திருக்கும். அவர் குடும்பம் ஒரு காரியம் செய்யாமல் இருந்திருந்தால்.

*

அவருடைய மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1928-ல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோய்க்கூறு மருத்துவர், குத்துச்சண்டை வீரர்கள் சிலர் வயதாவதற்கு முன்பே தள்ளாடுவதையும் குழறுவதையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குடிக்காமலே குடிகாரர் மாதிரி ஆகிவிடுகிறார்கள். காரணம், தலையில் வாங்கிய குத்துகள். உலகம் அதைக் குத்துச்சண்டைக்காரர்களின் தலையெழுத்து என்று எடுத்து ஓரமாக வைத்தது.

2002-ல் பிட்ஸ்பர்க்கில் பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய டாக்டர், மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் மூளையைப் பரிசோதித்தார். டௌ என்ற புரதம் தாறுமாறாகப் படிந்து கிடந்தது. சி.டி.இ. என்று இந்த நோய்க்குப் பெயர். மயக்கம் போட வைக்கிற பெரிய அடி மட்டும்தான் இதற்குக் காரணம் என்றில்லை. சின்னச் சின்ன அடிகள் வருடக்கணக்கில் சேர்ந்தும் வரும். வட்டிக்கு வட்டி மாதிரி. மறதி, கோபம், மனச்சோர்வு என்று இதோடு சேர்த்துப் பேசப்படும் அறிகுறிகள் பல. கொடுமை என்னவென்றால், உயிரோடு இருக்கும்போது இதை உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 2018-ல் சிட்னியில் விளையாட்டு வீரர்களின் மூளை வங்கி தொடங்கப்பட்டது. ஃபுட்டி வீரர்களில் முதலில் சி.டி.இ. உறுதியானது 'பாலி' ஃபார்மர் என்ற மகத்தான பழங்குடி வீரருக்கு. 84 வயதில் இறந்தவர். சரி, வயதானவர், போகட்டும் என்றார்கள். 2020 செப்டம்பரில் ஃப்ராலியின் முடிவு வந்தது. இரண்டாம் நிலை சி.டி.இ. இப்போது யாரும் போகட்டும் என்று சொல்லவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். ரிச்மண்டுக்கு 173 ஆட்டங்கள் ஆடிய ஷேன் டக், 2020 ஜூலையில் 38 வயதில் இறந்தார். அவர் மூளையில் இருந்தது முற்றிய சி.டி.இ. அவர் ரிச்மண்டுக்காக முதன்முதலில் களமிறங்கியது 2004-ல். அப்போது பயிற்சியாளர் யார்? ஃப்ராலி.

2021 பிப்ரவரியில் மரண விசாரணை அதிகாரி தன் முடிவை வெளியிட்டார். ஃப்ராலியின் மனச்சோர்வுக்கு சி.டி.இ. ஒரு காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் எந்த அளவுக்கு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மனச்சோர்வுக்கு ஒரே ஒரு கதவு கிடையாது. பல வாசல்கள் வழியே அது வீட்டுக்குள் வரும். அதே அறிக்கையில் ஒரு பரிந்துரையும் இருந்தது. வீரர்கள் இறந்த பிறகு மூளையைத் தானம் செய்ய ஆட்ட நிர்வாகமும் வீரர்கள் சங்கமும் ஊக்கப்படுத்த வேண்டும்.

ஆட்டமும் மாறத்தான் வேண்டியிருந்தது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்று 2021-ல் விதி வந்தது. தலையில் இடிப்பவனுக்கான தண்டனை கடுமையானது. 2023 மார்ச்சில் மேக்ஸ் ரூக் என்ற முன்னாள் வீரரின் தலைமையில், எங்களை நிர்வாகம் காப்பாற்றத் தவறிவிட்டது என்று விக்டோரியா உச்ச நீதிமன்றத்தில் கூட்டு வழக்கு தொடுத்தார்கள். கோடிக்கணக்கில் புரளும் பிசினஸ் இது. விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி ஒருநாள் நீதிமன்றம் ஏறத்தான் செய்யும்.

செயின்ட் கில்டா தன் பங்குக்கு, 2021-ல் 'ஸ்பட்டின் ஆட்டம்' என்று ஒரு போட்டியைத் தொடங்கியது. மனசு சரியில்லாதவர்கள் வாய் திறந்து பேச வேண்டும் என்பதற்காக. மூராபினில் அவர் பெயரில் உடல்நல, மனநல மையம் ஒன்றும் எழுந்தது. கடன்காரர்களிடம் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்த அதே கிளப்.

ஃபுல் பேக் என்பவன் கோல் அடிக்க மாட்டான். அடுத்தவன் அடிக்காமல் தடுப்பான். அவ்வளவுதான் அவன் வேலை. இன்றைக்கு மெல்போர்னில் தலையில் அடிபட்டு விழும் ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம் யாரும் கிழமை கேட்டுவிட்டு உள்ளே அனுப்புவதில்லை. கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போய் உட்காரவைக்கிறார்கள். ஃப்ராலி தடுத்த கடைசிப் பந்து அது.