பாலாற்றங்கரையின் எண்ணெயும் புளிப்பும்: வேலூர் - ஆம்பூர் வட்டார உணவு வரலாறு

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் பாலாற்றை ஒட்டி அமைந்த தோல் தொழில் நகரங்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர்கள் 2019-க்குப் பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் பிரிந்துள்ளன. அண்மைக் காலத்தில் இவ்வட்டாரத்துக் கடைகளில் இரண்டு பொருள்கள் உடல்நல உணவாக விற்கப்படுகின்றன. ஒன்று ஆப்பிள் சிடர் வினிகர். மற்றொன்று சமையலுக்கான தேங்காய் எண்ணெய். முதலாவது இங்கு விளையாத பழத்திலிருந்து வருவது. இரண்டாவது இங்கு விளையும் மரத்திலிருந்து வந்தாலும் நெடுங்காலம் அடுப்படிக்குள் வராமல் தலைக்கு மட்டும் தேய்க்கப்பட்டது. எந்த எண்ணெயில் தாளிப்பது, எதைக் கொண்டு புளிப்பேற்றுவது என்பதை இவ்வட்டாரத்தில் மண்ணும் வணிகமும் சட்டமும் விலையும் எவ்வாறு முடிவு செய்தன என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

நல்லெண்ணெயும் செக்கும்

எள்ளின் நெய் என்பதே எண்ணெய் என்னும் சொல்லின் பொருள். பின்னாளில் வந்த எல்லா வித்துகளின் நெய்க்கும் அப்பெயரே பொதுப்பெயராயிற்று. அதனால் எள் நெய் 'நல்ல' என்னும் அடைமொழி பெற்று நல்லெண்ணெய் ஆனது. தமிழகத்தின் வட மாவட்டங்களில் எள் மானாவாரி நிலங்களில் விளைந்தது. ஊர்ச் செக்கில் மாடு பூட்டி எள்ளை ஆட்டினர். ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுக்குத் தீனியாயிற்று.

தேங்காயை எண்ணெயாக்கிச் சமைப்பது கேரளம், கன்னியாகுமரி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஈர நிலங்களின் வழக்கம். வட ஆற்காட்டுச் சமையலில் தேங்காய் துருவலாகவும் அரைத்த விழுதாகவும் பாலாகவும் இடம்பெற்றது. தேங்காய் எண்ணெய் கூந்தலுக்கு உரியது. இதற்கு மணமும் பழக்கமும் ஒரு காரணம். பாலாற்றுத் தோப்புகளின் தேங்காய் முழுக்காயாகவே சந்தையில் விலை போனது மற்றொரு காரணம்.

மல்லாட்டையின் வருகை

இன்று இவ்வட்டாரத்தின் 'நாட்டு எண்ணெய்' என்று பலரும் கருதும் கடலை எண்ணெய் உண்மையில் ஒரு வரத்து. வேர்க்கடலை தென் அமெரிக்கச் செடி. மணிலாவின் பெயரால் அது 'மணிலாக்கொட்டை' எனப்பட்டது. ஆற்காட்டு வழக்கில் அப்பெயர் 'மல்லாக்கொட்டை', 'மல்லாட்டை' என்று மருவியது.

19-ஆம் நூற்றாண்டில் தென் ஆற்காட்டில் வேர்க்கடலைப் பயிர் வேகமாகப் பரவியது. அதற்கு உள்ளூர் அடுப்பைவிட வெளிநாட்டு ஆலைகளே முதற்காரணம். பிரான்சின் மார்செய் நகரச் சோப்பு ஆலைகளுக்குப் புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கடலை ஏற்றுமதியானது. பின்னர் வட ஆற்காட்டின் செம்மண் நிலங்களிலும் அது முதன்மையான பணப்பயிராயிற்று. நீர்ப்பாசனம் இல்லாத நிலத்தில் மழையை மட்டும் நம்பி விளைந்தது. கொடியை மாடு தின்றது. மண்ணில் தழைச்சத்தும் சேர்ந்தது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் ரகம் பல பதிற்றாண்டுகள் உழவர்களிடையே நிலைத்து நின்றது.

விளைச்சல் பெருகியதும் கடலை எண்ணெய் மலிந்தது. நல்லெண்ணெய் ஊறுகாய்க்கும் இட்லிப் பொடிக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் ஒதுங்கியது. தாளிக்கவும் பொரிக்கவும் கடலை எண்ணெய் வழக்கமாயிற்று.

பிரியாணியின் கொழுப்பும் புளிப்பும்

ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சி இவ்வட்டார உணவில் ஆழமான தடம் பதித்தது. 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருத்தீன் கான் உயிரிழந்தார். நவாபுகளின் படையோடும் அரண்மனையோடும் வந்த பிரியாணி, பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி நகரங்களின் கல்யாண வீடுகளிலும் கடைகளிலும் வேரூன்றியது. நீண்ட பாஸ்மதி அரிசிக்கு மாற்றாகச் சீரகச் சம்பா சேர்ந்தது. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது அதன் நிறத்தையும் காரத்தையும் தந்தது. நெய்யைக் குறைத்துக் கடலை எண்ணெயில் சமைக்கும் முறையும் பரவியது.

இதன் புளிப்பு தயிரிலிருந்தும் தக்காளியிலிருந்தும் வருகிறது. உடன் பரிமாறும் கத்திரிக்காய்க் குழம்பில் புளியும் எண்ணெயும் சேர்கின்றன. இச்சமையலில் வினிகருக்கு இடமே இருக்கவில்லை.

புளி, கூழ், காடி

வினிகர் ஏன் இங்கு வேரூன்றவில்லை என்பதற்குப் புளியமரமே முதல் விடை. புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆயினும் அது இந்தியாவில் மிகப் பழங்காலத்திலேயே நிலைபெற்றது. அரபியர் அதை 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும்படி 'தமர் ஹிந்தி' என்றனர். புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் ஆனது. கொட்டை நீக்கி உப்பிட்டு அடைத்துவைத்தால் ஆண்டு முழுதும் கெடாது. சாலையோர மரங்களே ஊருக்குப் போதுமான புளியைத் தந்தன.

நொதித்த புளிப்பும் இங்கு உண்டு. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழ், வட ஆற்காட்டு உழைப்பாளரின் காலை உணவு. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் வார்க்கப்படுவதும் அதுவே. பழைய சோற்று நீராகாரமும் இவ்வகையே. இவற்றின் புளிப்பு லாக்டிக் அமிலத்தால் வருவது. 'காடி' என்னும் பழந்தமிழ்ச் சொல் புளித்த கஞ்சி நீரைக் குறித்தது. சித்த மருத்துவத்தில் மருந்துச் சரக்குகளைச் சுத்தி செய்யவும் காடி பயன்பட்டது. பிற்காலத்தில் வினிகருக்குத் தமிழ்ப் பெயராகக் 'காடி' என்று எழுதும் வழக்கம் வந்தாலும் இரண்டும் வேறு பொருள்கள்.

தென்னையிலிருந்து வினாகிரி

வினிகர் இருமுறை நொதிப்பதால் உண்டாகிறது. முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. பிறகு காற்றின் உதவியோடு வேறு நுண்ணுயிர்கள் அந்தச் சாராயத்தை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. ஆப்பிள் விளையும் நாட்டில் ஆப்பிள் சாறும் திராட்சை விளையும் நாட்டில் திராட்சை மதுவும் இதற்கு மூலப்பொருள். தென்னை விளையும் நாட்டில் அது தென்னங்கள்.

கோவாவிலும் கேரளத்திலும் இலங்கையிலும் கள்ளிலிருந்து வினிகர் செய்யும் வழக்கம் நிலைத்தது. போர்ச்சுக்கீசியரின் 'வினாக்ரே' இலங்கைத் தமிழில் 'வினாகிரி' ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் வினாகிரியும் தேங்காய் எண்ணெயும் ஒரே அடுப்படியில் இருப்பதில் யாருக்கும் வியப்பில்லை. இரண்டும் ஒரே மரத்தின் கொடைகள்.

வட ஆற்காட்டிலும் தென்னையும் பனையும் உண்டு. ஆனால் கள் சார்ந்த தொழிலைச் சட்டம் தடுத்தது. சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1939-இல் அது வட ஆற்காட்டுக்கு நீண்டது. 1948-இல் மாகாணம் முழுதும் பரவியது. இடையில் தளர்வுகள் வந்தபோதும் 1987 முதல் தமிழ்நாட்டில் கள் விற்பனைக்குத் தடை உள்ளது. எனவே, கள்ளிலிருந்து வீட்டு வினிகர் செய்யும் மரபு இங்கு உருவாக வழியில்லாமல் போயிற்று.

இவ்வட்டாரத்துப் பொதுமக்களிடம் வினிகர் பெருமளவில் வந்தது தள்ளுவண்டி ஃபிரைடு ரைஸ், சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன் ஆகியவற்றோடுதான். அவற்றில் சேரும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தில் நீர் கலந்த செயற்கை வினிகர். நொதிக்கவைத்த வினிகரிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும்படி புட்டியில் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி.

தகர டப்பாவும் ரேஷன் பாமாயிலும்

20-ஆம் நூற்றாண்டில் எண்ணெய் ஊர்ச் செக்கை விட்டு ஆலைக்குச் சென்றது. 1937-இல் அறிமுகமான டால்டா, எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு உறையவைத்துச் செய்த வனஸ்பதி. மஞ்சள் நிற டப்பாவில் பனை வகை மரம் ஒன்றின் படம் இருந்தது. உள்ளே இருந்ததோ அக்காலத்தில் பெரும்பாலும் கடலை எண்ணெய். நெய்யில் வனஸ்பதியைக் கலந்து விற்பதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு வனஸ்பதியிலும் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று அரசு விதித்தது. நல்லெண்ணெய் ஒரு குறிப்பிட்ட வேதிச் சோதனையில் சிவப்பு நிறம் காட்டும். கலப்படத்தை அது காட்டிக்கொடுத்தது. ஆனால் உறையவைக்கும் முறையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குத் தீங்கானது என்பது பின்னரே தெளிவாயிற்று.

அடுத்து வந்தவை சூரியகாந்தி எண்ணெயும் பாமாயிலும். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் ரேஷன் கடைகளில் துவரம்பருப்போடு பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. தோல் பதனிடும் தொழிலாளர், காலணித் தொழிற்சாலைப் பெண்கள், பீடி சுற்றுவோர் வீடுகளில் இன்று எந்த எண்ணெய் கொதிக்கிறது என்பதை ரேஷன் விலையே பெரிதும் தீர்மானிக்கிறது. மரச்செக்கு எண்ணெய் மீண்டும் வந்துள்ளது. ஆனால் அது வசதி உள்ளவர்களின் பண்டமாக வந்துள்ளது.

தோலும் தென்னையும்

தோல் தொழிலின் கதையும் எண்ணெய், புளிப்பு, உப்பு ஆகியவற்றின் கதைதான். பழைய முறையில் தோலை ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்டனர். பதனிட்ட தோலுக்குப் புங்கெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவினர். 1903 முதல் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனிடும் முறையைச் சோதித்தார். 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலுக்கு மாறாக முழுமையாக்கிய தோலை ஏற்றுமதி செய்யும்படி அரசு ஊக்கியது. குரோம் முறை பெருகியது. குரோம் ஏற்றுவதற்கு முன் தோலை உப்பிலும் அமிலத்திலும் ஊறவைப்பார்கள். தொழிற்சாலையில் அதற்குப் பெயர் 'பிக்கிளிங்'. ஊறுகாய்க்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான்.

அந்த உப்பும் குரோமும் கழிவுநீரோடு பாலாற்றில் சேர்ந்தன. தென்னை உவர்ப்பை ஓரளவு தாங்கும் மரம். ஆனாலும் கிணற்று நீர் கெட்டபோது கரையோரத் தோப்புகளும் தப்பவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இத்தீர்ப்பால் இந்தியச் சட்டத்தின் பகுதியென நிலைபெற்றது. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று இதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் விரிவான ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது.

தேங்காய் எண்ணெய் நலம் தரும் என்று புட்டியில் வாங்கும் ஊரில், அதைத் தர வேண்டிய தோப்புகள் நலம் இழந்து நின்றன என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி.

இன்றைய கூற்றுகளும் சான்றுகளும்

தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. மார்கழிக் காலையில் அது புட்டிக்குள் உறைந்து நிற்பதற்கு இதுவே காரணம். கடலை எண்ணெயில் இவ்வகைக் கொழுப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நல்லெண்ணெயில் அதனினும் குறைவு. அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் தேங்காய் எண்ணெயைப் பரிந்துரைக்க இயலாது என்று அறிவுரை வெளியிட்டது. அது தீய கொழுப்பை உயர்த்துகிறது என்பதே காரணம். கேரளமும் யாழ்ப்பாணமும் அதை மீன், காய்கறி, சோற்றோடு அளவாக உண்டு வந்தன. ஏற்கெனவே எண்ணெய் மிகுந்த உணவின்மேல் கரண்டி கரண்டியாகச் சேர்ப்பது அந்த மரபு அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் எண்ணெயும் கொழுப்பும் நாளொன்றுக்கு 27 கிராம் அளவில் இருப்பதை முன்மாதிரியாகக் காட்டுகிறது. எண்ணெய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும் சொல்கிறது.

வினிகரைப் பொறுத்தவரை, உணவோடு சிறிதளவு சேர்த்தால் உணவுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரை ஓரளவு குறையலாம் எனச் சில சிறிய ஆய்வுகள் காட்டின. 2004-இல் அரிசோனாவில் நடந்த ஆய்வு அவற்றுள் ஒன்று. உடல் எடை வெகுவாகக் குறையும் என்ற கூற்றின் நிலை வேறு. லெபனானில் 120 இளைஞர்களிடம் நடத்தப்பட்டதாக 2024-இல் வெளியாகி உலகமெங்கும் பேசப்பட்ட ஆய்வுக் கட்டுரை, தரவுகளில் ஐயம் எழுந்ததால் 2025 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. நீர் கலக்காமல் குடித்தால் வினிகர் பற்களின் எனாமலை அரிக்கும், தொண்டையையும் புண்ணாக்கும். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்குவது நன்றன்று. மருந்தை நிறுத்திவிட்டு வினிகரை நம்புவது ஆபத்து.

வரலாறு காட்டும் நிலை

வெளியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. மல்லாட்டையும் மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவையே. அவை இந்த மண்ணில் விளைந்து, கூலிக்காரர் வாங்கும் விலைக்கு இறங்கி வந்தபின் நம் உணவாயின. ஆப்பிள் சிடர் வினிகர் இன்னும் அந்த வழியில் வரவில்லை. புளிப்பு வேண்டுவோர்க்குப் புளியும் எலுமிச்சையும் தயிரும் கூழும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. தேங்காய் எண்ணெயோ இந்த வட்டாரத்து மரமே தரக்கூடியது. அது நல்ல எண்ணெயாகத் தொடர்ந்து கிடைப்பது சமையல் குறிப்பைவிடப் பாலாற்று நீரின் தூய்மையையே சார்ந்தது.