கவலை உடலில் இறங்கும் வழி: பல்கீயும் கஸ்ஸாலியும் காட்டும் சான்றுகள்

ஹிஜ்ரி 488, ரஜப் மாதம் (கி.பி. 1095). பக்தாத் நிஜாமிய்யா கலாசாலையின் பேராசிரியர் இமாம் அபூ ஹாமித் அல்-கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மாணவர் முன் அமர்ந்தார்கள். ஏறத்தாழ முந்நூறு மாணவர்கள் அன்னாரிடம் பயின்ற காலம் அது. பாடம் சொல்ல வாய் திறந்தார்கள், நா எழவில்லை. வந்தவர்களின் மனம் மகிழ ஒரு நாளாவது பேசிவிட முயன்றும் ஒரு சொல் வெளிவரவில்லை. நாளடைவில் உணவு செரிக்கவில்லை. ஒரு கவளம் உண்பதும் ஒரு மிடறு நீர் அருந்துவதும் அரிதாயின. உடல் நலிந்தது.

மருத்துவர்கள் கைவிரித்தனர். இந்நோய் உள்ளத்தில் தோன்றி அங்கிருந்து உடலின் இயல்புக்குள் பரவியிருக்கிறது. உள்ளத்தை வாட்டும் கவலை நீங்கினாலன்றி மருந்து பயன் தராது என்பது அவர்கள் கண்ட முடிவு. இமாம் அவர்களே தம் வாழ்க்கை வரலாறாக அமைந்த ‘அல்-முன்கித் மினழ் ழலால்’ நூலில் இவற்றையெல்லாம் மறைக்காது பதிவு செய்துள்ளார்கள். பதவியும் புகழும் ஒருபுறம் இழுக்க, மறுமைச் சிந்தனை மறுபுறம் அழைக்க, ஏறக்குறைய ஆறு மாதங்கள் அவ்விரண்டுக்குமிடையே ஊசலாடியதன் விளைவே அந்நோய் என்பதும் அன்னாரின் வாக்குமூலமே.

இந்நிகழ்ச்சியை ஆன்மீகத் திருப்பமாக மட்டுமே நாம் படித்து வந்திருக்கிறோம். அது மருத்துவ வரலாற்றுக்கும் ஓர் ஆவணமாகும். நீண்டு தொடரும் மன இறுக்கம் உடலை முடக்கும் என்பது அன்றைய மருத்துவர்களுக்கு வியப்பான செய்தியாக இருக்கவில்லை. அவ்வறிவை ஒழுங்குபடுத்தித் தனி நூலாகவே எழுதி வைத்த ஒருவர், இமாம் அவர்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே வாழ்ந்து மறைந்திருந்தார்.

அவர்தாம் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகரை அடுத்த சிற்றூரில் ஹிஜ்ரி 235 (கி.பி. 850) அளவில் பிறந்தவர். இராக் சென்று தத்துவ அறிஞர் அல்-கிந்தியின் மாணவராகிப் பின் ஊர் திரும்பினார். புவியியல் துறையில் அவர் பெயராலேயே ஒரு மரபு வழங்குகிறது. குராஸான் ஆட்சியாளர் அவரைப் புகாராவுக்கு அழைத்ததாகவும், ஜைஹூன் ஆற்றின் வேகத்தைக் கண்டு அவர் தயங்கி நின்றதாகவும் ஒரு செய்தி உண்டு. ‘என் நல்லறிவை நாடித்தான் என்னை அழைத்தீர் என்றால், இவ்வாற்றைக் கடக்க வேண்டாம் என்று அந்த அறிவே தடுக்கிறது’ என்னும் கருத்துப்பட மடல் எழுதிவிட்டுத் திரும்பினாராம். அச்சம் மனித இயல்பு என்பதை ஒப்புக்கொள்ள வெட்கப்படாத மனிதர். ஹிஜ்ரி 322 (கி.பி. 934) இல் காலமானார்.

அவரது நூலின் பெயர் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’. உடல்களின் நலனும் உள்ளங்களின் நலனும் என்பது பொருள். முதற்பகுதி 14 அத்தியாயங்களில் உறைவிடம், நீர், உணவு, உறக்கம், நீராடல், உடற்பயிற்சி ஆகியவற்றை ஆராய்கிறது. இரண்டாம் பகுதியின் 8 அத்தியாயங்கள் சினம், அச்சம், துயரம், ஓயாத வீணெண்ணங்கள் ஆகியவற்றுக்கு உரியவை. மனிதன் உடலாலும் உள்ளத்தாலும் ஆனவன்; ஒன்று நோயுற்றால் மற்றது நலமாக இருக்க இயலாது என்பதே நூலின் அடித்தளம். உடல் நோய் சிலருக்குச் சில வேளை வரும். உள்ளத்தின் வாட்டமோ எவரையும் விடுவதில்லை. அவ்வாறிருக்க, மருத்துவர்கள் உடலை மட்டும் கவனித்து உள்ளத்தைப் புறக்கணிப்பது ஏன் என்று அவர் வினவினார்.

துயரத்தை அவர் இரண்டாகப் பகுத்தார். இழப்பு போன்ற அறிந்த காரணத்தால் எழுவது ஒன்று. காரணம் புலப்படாமலே சூழ்வது மற்றொன்று. முன்னதற்குச் சொந்தச் சிந்தனையும் நல்லோர் சொல்லும் மருந்து. பின்னதன் வேர் உடலில் இருக்கலாம் என்பதால் உடலுக்கும் சிகிச்சை வேண்டும் என்றார். அவசர வேளைக்கென மருந்துகளைச் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே நல்ல சிந்தனைகளைச் சேமித்துக்கொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

இந்நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்பூலில் பாதுகாக்கப்பட்டு வந்தது. அறிஞர் ஃபுஆத் ஸெஸ்கின் 1984 இல் அதன் நிழற்படிப் பதிப்பை ஃப்ராங்க்ஃபர்ட்டில் வெளியிட்டார். சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரி 2013 இல் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார்.

நவீன மருத்துவம் இதே வாயிலுக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1936 இல் ஹான்ஸ் செல்யே, தொடர்ந்து துன்புறுத்தப்பட்ட எலிகளில் அட்ரினல் சுரப்பி வீங்குவதையும் இரைப்பையில் புண் உண்டாவதையும் கண்டு வெளியிட்டார். ஆபத்தின்போது உடல் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய இயக்குநீர்களைச் சுரக்கிறது. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்கின்றன. ஆபத்து நீங்கியதும் இவை தணிய வேண்டும். கடன், பகை, வேலையின்மை என ஆபத்து மாதக்கணக்கில் நீடித்தால் அவை தணிவதில்லை. உறக்கம் கெடுகிறது, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றுகிறது, இதய நோய்க்கும் மனச்சோர்வுக்கும் வாய்ப்பு மிகுகிறது, நினைவாற்றலுக்குரிய மூளைப் பகுதியும் பாதிக்கப்படுகிறது. இவ்வாறு உடலில் சேரும் தேய்மானத்துக்கு 1993 இல் புரூஸ் மெக்கீவனும் எலியட் ஸ்டெல்லரும் தனிப் பெயரே சூட்டினர்.

பல்கீ இயக்குநீர்களை அறிந்திருந்தார் என்று பெருமை பேசுவது வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதியாகாது. அவர் தம் காலத்து மிஸாஜ் கோட்பாட்டில் நின்றே சிந்தித்தார். கவலையைக் குற்றமாகக் கருதாமல், ஆராய்ந்து குணப்படுத்தத்தக்க நிலையாகக் கருதியதே அவரது சிறப்பு.

நாம் இழந்துவிட்டது அந்தப் பார்வையைத்தான். நீண்ட கவலையால் நலிந்தவரிடம் ‘ஈமான் பலவீனம்’ என்று சொல்லிவிட்டு நகர்வோர் இன்று நம்மிடையே உண்டு. அச்சொல்லுக்கு அஞ்சியே பலர் மருத்துவரிடம் செல்லாது நோயை முற்றவிடுகின்றனர். நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் மகனை இழந்த துயரால் வெளுத்துப்போயின என்று திருக்குர்ஆன் யூஸுஃப் அத்தியாயத்தில் கூறுகிறது. துயரம் உடலைத் தாக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று ஏது? அந்த நபியின் ஈமானை ஐயுறுவார் எவர்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறைவனிடம் பாதுகாவல் தேடியவற்றுள் கவலையும் துயரமும் முன்னிற்கின்றன. கடன் சுமையும் மனிதரின் அடக்குமுறையும் அவற்றை அடுத்து அதே துஆவில் இடம்பெறுவதாக ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. உள்ளத்தின் சுமையும் அதை உண்டாக்கும் வாழ்க்கைச் சுமையும் அங்கே ஒன்றாகவே எண்ணப்பட்டன.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அவ்வாண்டின் இறுதியில் பதவியைத் துறந்து ஷாம் தேசம் சென்றார்கள். நோயின் காரணத்தை அகற்றும் துணிவு அன்னாருக்கு வாய்த்தது. எல்லோராலும் பக்தாதை விட்டுப் போக இயலாது. ஆயினும் தம் நா முடங்கிப்போனதை வெட்கமின்றி எழுதிவைத்த அந்த நேர்மை எல்லோருக்கும் இயலும். சிகிச்சையின் முதற்படி அதுவே.