மீட்டர் முள்ளும் ஸ்டியரிங் சக்கரமும்



"மீட்டர்ல முள்ளு ஆடலைன்னா என்னங்க, வண்டிதான் ஓடுதே!" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த முள் டிராக்டருக்கு வந்த கதையைக் கேட்டால் அதன் அருமை விளங்கும்.

1917-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டருக்கு பேட்டரி கிடையாது. எண்ணெய் பம்பும் கிடையாது. எஞ்சினுக்குள் தெறிக்கிற எண்ணெய்தான் மசகு. ஆகவே மீட்டரும் இல்லை. பிற்காலத்து வண்டிகளில் எண்ணெய் பம்பு வந்தது. அதன் அழுத்தம் காட்ட ஒரு முள் வந்தது. பேட்டரி வந்தது, சார்ஜ் காட்ட இன்னொரு முள் வந்தது. 1950-இல் ஃபோர்டு 8என் டிராக்டரில் எஞ்சின் வேகத்தையும் அது ஓடிய மணி நேரத்தையும் காட்டும் மீட்டரைப் பொருத்தினார்கள். நின்ற இடத்திலேயே பம்பு ஓட்டுகிற வண்டிக்கு மைல் கணக்கு உதவுமா? ஆயில் மாற்ற மணிக்கணக்குதானே வேண்டும்!

1956-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பிறந்த ஃபெர்குசன் 35-க்கும் அத்தகைய மீட்டர் வந்தது. அதுவே பிறகு மாசி ஃபெர்குசன் 35 ஆயிற்று. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மூலம் மாசி ஃபெர்குசன் நம் வயல்களுக்கும் பழக்கமாயிற்று.

இந்த 35-இல் ஸ்டியரிங் தண்டு மீட்டர் பலகையின் ஊடே மேலே வருகிறது. பலகையைத் தூக்க வேண்டுமானால் முதலில் சக்கரம் வரணும். ஆனால் பல வருஷ மழைத் தண்ணீர் தண்டின் பல்லுக்குள் இறங்கித் துருவாகியிருக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். ஆப்பு வைத்தாற்போல் இறுக்கிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பொறுமையிழந்து, தண்டின் தலையில் சம்மட்டியால் அடித்தார். மரை நசுங்கியது, அடி கீழே ஸ்டியரிங் பெட்டியின் குண்டுகள் வரை போனது. மீட்டரைப் பார்க்கப் போய் ஸ்டியரிங்கையே மாற்றும்படி ஆயிற்று.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முள் ஆடவில்லையென்றால், எஞ்சினிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் அறுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றியே ஆகணும் என்றால் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டியரிங் சக்கரத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு அடையாளக் கோடு போடுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாமல் சில மரையில் நிறுத்துங்கள். மரை காக்கப்படும், சக்கரம் திடீரென்று கழன்று முகத்தில் அடிக்காது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் நடுக்குடத்தைப் பிடிக்கிற புல்லர் வைத்து மெல்ல மெல்ல முறுக்குங்கள். திரும்ப மாட்டும்போது பல்லில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

எண்ணெய் அழுத்தம் விழுந்ததை அந்தச் சின்ன முள் சொல்லாவிட்டால், எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகுதான் நமக்குத் தெரியும். வண்டி ஓடுகிறதே என்று இருந்துவிடாதீர்கள்.