தரங்கம்பாடிக் கோட்டையின் கீழ்த்தளம்

அமராவதி கடலைக் காண்பதில்லை. தாராபுரத்தைத் தொட்டு, கரூரைத் தாண்டியதும் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலந்து தன் பெயரை இழந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த நீர் காவிரியின் பெயரிலேயே திருச்சியையும் தஞ்சைத் தரணியையும் கடந்து கடலுக்குப் போகிறது. அதே திசையில் ஏறக்குறைய 300 கி.மீ. பயணம் செய்தால், பூம்புகாருக்குத் தெற்கே சிறிது தொலைவில் இருக்கிறது தரங்கம்பாடி. 2020 டிசம்பர் வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது மயிலாடுதுறை மாவட்டம். கொங்கு நாட்டிலிருந்து கடல் பார்க்கக் கிளம்புவோர் பெரும்பாலும் இராமேசுவரத்துக்கோ திருச்செந்தூருக்கோ போகிறார்கள். ஆனால் பஞ்சையும் நூலையும் பனியனையும் நம்பிப் பிழைக்கும் எங்கள் பகுதியினர் ஒருமுறையேனும் பார்த்துவர வேண்டிய கடற்கரை இதுவென்றே நாங்கள் கருதுகிறோம். காரணம் கோட்டையல்ல, துணி.

வழக்கமான சுற்றுலாவை முதலில் சொல்லிவிடுவோம். 1792இல் இப்போதைய வடிவத்தில் கட்டப்பட்ட நகர வாயில், அதன் வழியே நுழைந்ததும் இராஜா வீதி, 1701இல் திறக்கப்பட்ட சீயோன் தேவாலயம், 1718இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம், ஆளுநர் மாளிகை, கடைசியில் கடலை நோக்கியபடி டான்ஸ்போர்க் கோட்டை. அரை நாள் போதும். கோட்டை முன்பு நின்று படம் எடுத்துக்கொண்டு, "அலைகள் பாடும் ஊர்" என்று தரங்கம்பாடிக்குப் பொருள் சொல்லிக்கொண்டு, வண்டி வேளாங்கண்ணிக்குத் திரும்பிவிடும். தரங்கம் என்றால் அலைதான். ஆனால் பாடி என்பது பாட்டன்று, சிற்றூர். கல்வெட்டோ இவ்வூரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்ற சொல்லைக் கவனியுங்கள். டென்மார்க்கிலிருந்து எவரும் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது ஒரு வணிகத் துறை!

டேனியர்கள் வந்த கதை சற்று விசித்திரமானது. அரசர் நான்காம் கிறிஸ்டியானின் ஆதரவில் 1616இல் கோபன்ஹேகனில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி உருவாயிற்று. ஓவே கியேட்டே என்னும் இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் இலங்கையை நோக்கிப் புறப்பட்டன. அங்கே எண்ணிய காரியம் கைகூடவில்லை. முன்னதாக அனுப்பப்பட்ட ரோலண்ட் கிராப்பேயின் கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துகீசியர் அழித்துவிட, உயிர் பிழைத்த சிலரோடு அவர் தஞ்சை அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். இரகுநாத நாயக்கரோடு பேச்சு தொடங்கியது அப்படித்தான். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதியனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது.

அதன் பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. ஐரோப்பியப் போர்களில் சிக்கிப் பணமிழந்த டென்மார்க், தரங்கம்பாடியை ஏறக்குறைய மறந்தே போயிற்று. 1639க்குப் பின் 30 ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக இறந்ததும் போனதும் போக, எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவர் மட்டுமே கடைசி டேனியராக எஞ்சினார். உள்ளூராரைப் படையில் வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669இல் ஃபேரோ என்னும் கப்பல் வந்து நின்றபோது கோட்டையின் மேல் டென்மார்க்கின் கொடி பறந்துகொண்டிருந்ததாம். இதை ஒரு தனி மனிதரின் வீரமாகவே எழுதுகிறார்கள். அந்த 30 ஆண்டுகளும் அவருக்குச் சோறு போட்டது யார், மதிலுக்குக் கல் சுமந்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது நமக்கு.

இனி கோட்டைக்குள் போவோம். மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் வசித்த அறைகள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகமும் கோட்டையில்தான் இருக்கிறது. வருவோர் அதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கீழ்த்தளத்து வளைவுக் கூரைகளின் அடியில் கொஞ்சம் நில்லுங்கள். அவை கிடங்குகள். சிறைக்கும் அங்கே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்றாலும், கோட்டை இருந்ததே சரக்குக்காகத்தான். டேனியர்கள் மிளகைத் தேடி வந்தார்கள். மிளகு, கிராம்பு விளையும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் ஐரோப்பியச் சரக்கை வாங்குவாரில்லை. சோழமண்டலத் துணியைக் கேட்டார்கள். ஆகவே துணி வேண்டியிருந்தது. காலப்போக்கில் அந்தத் துணியே முதன்மைச் சரக்காகி ஐரோப்பாவுக்கும் போயிற்று.

என்ன துணி? வெளுத்த வெள்ளைத் துணி, அவுரியில் முக்கிய நீலத் துணி, கட்டமும் கோடும் இட்டவை, பூவேலை எழுதிய சீட்டி. 1742இல் கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இப்பகுதியில் சீட்டி எழுதும் முறையை விரிவாகக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். கரித்தூளால் கோலத்தைப் பதிப்பார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தீட்டிச் சாயவேரில் கொதிக்க வைப்பார்கள். நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். நடுநடுவே துவைப்பதும் வெயிலில் உலர்த்துவதும் பல நாள் வேலை. இம்பூறல் என்று சித்த மருத்துவத்தில் அறியப்படும் செடியின் வேர்தான் சாயவேர். கடற்கரை மணலில் வளர்வது. ஐரோப்பாவில் எத்தனை முறை துவைத்தாலும் போகாத சிவப்பைத் தந்து வியக்க வைத்தது இந்தச் சிறு செடியே. நொய்யலில் சாயநீர் ஓடியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும் கண்ட எங்களுக்கு, சாயம் என்ற சொல்லே இப்படியொரு வேறு முகத்தைக் காட்டுகிறது.

எங்களைப் பெரிதும் சிந்திக்க வைத்தது நெசவாளரின் நிலைமைதான். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தரங்கம்பாடியில் டேனியர். தெற்கே ஒரு நாள் நடைக்குள் காரைக்காலில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர். அதற்கும் தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர். வடக்கே கடலூரை அடுத்துத் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர். ஒரே கரையில் நான்கு கடைகள்! போதாததற்கு ஆசிய வணிகர்களும். துணி வேண்டியவர் முன்பணத்தோடு தரகர் மூலமாக நெசவாளரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில் இது குறித்து விளக்குகிறார்: 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவில் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை நெசவாளருக்கு இருந்தது, பணம் கொடுத்த வணிகருக்கு அந்த உரிமை இல்லை. பிடிக்காவிட்டால் தறியைக் கழற்றிக்கொண்டு வேறூருக்குப் போய்விடவும் அவர்களால் முடிந்தது. ஆங்கிலக் கம்பெனி நாட்டையே ஆளத் தொடங்கிப் போட்டியாளர்கள் ஒடுங்கிய பிறகே அந்த நிலைமை தலைகீழாயிற்று.

இதைப் படிக்கும் கொங்குக்காரருக்கு 2020ஆம் ஆண்டு நினைவுக்கு வராமல் போகாது. தொற்று பரவிய அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் 'பையர்கள்' ஆர்டர்களை ரத்து செய்தார்கள், நிறுத்தி வைத்தார்கள். தைத்து முடித்த சரக்கு பனியன் கம்பெனிகளில் தேங்கியது. ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை எவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. டேனியர்கள் நல்லவர்களாக இருந்ததால் நெசவாளர் பிழைத்தார் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் பலருள் ஒருவராக, அதிலும் சிறியவராக இருந்தார்கள்; அவ்வளவுதான்.

நல்லவர்கள் அல்லர் என்பதற்கும் அதே துணி சான்றாகிறது. டென்மார்க்குக்கு இன்றைய கானா நாட்டின் அக்ரா நகரில் கிறிஸ்டியான்ஸ்போர்க் என்னும் கோட்டையும், கரீபியக் கடலில் கரும்புத் தீவுகளும் இருந்தன. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்க ஐரோப்பியர்கள் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணியும் ஒன்று. அந்தக் கொடிய வணிகத்தைத் தடை செய்து டென்மார்க் 1792இல் சட்டம் இயற்றியது. நடைமுறைக்கு வந்தது 1803இல். காவிரிக் கழிமுகத்தில் நெய்தவருக்குத் தம் துணி எதற்கெல்லாம் விலையாகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை.

இலக்கிய அன்பர்கள் அச்சுக்கூடத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கடிந்துகொள்ளக்கூடும். சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்திறங்கியதும், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானதும், பொறையாற்றில் காகித ஆலை முயன்றதும் பலமுறை எழுதப்பட்டவை. அவர் வாழ்ந்த வீடு 2017 முதல் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது, தவறாமல் பாருங்கள். அவரை இதே டேனிய ஆளுநர்தான் சில மாதங்கள் கோட்டையில் சிறை வைத்தார் என்பதையும் கீழ்த்தளத்தில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம். மற்றொன்று, அதிகம் பேசப்படாதது. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளை, மாயூரம் போகும் முன்பு முன்சீப்பாகப் பணியாற்றிய ஊர் தரங்கம்பாடி. அப்போது ஊர் டேனியருடையதல்ல. 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டிருந்தார்கள். இயந்திரத் துணி வந்த பிறகு இந்தக் கரையில் அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. 1861இல் நாகப்பட்டினத்துக்கு இரயில் வந்ததும் எஞ்சிய வணிகமும் அங்கே போயிற்று. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட இருப்புப் பாதையும் 1986இல் நின்றுபோனது. ஊர் பழைய வடிவிலேயே தங்கியதற்கு இந்தப் புறக்கணிப்பே காரணம்.

மாலையில் கோட்டைக்கு வடக்கே மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போய் நிற்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். குலசேகரன்பட்டினம் என்ற பெயர் அவனுடையது. முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இவ்வூர் மீனவக் குடும்பங்கள் இழந்த உயிர்கள் நூற்றுக்கணக்கானவை.

அங்கிருந்து பார்த்தால் ஒன்று புலப்படும்: இங்கே கப்பல் வந்து அணையும் துறைமுகமே இல்லை. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே, உடைந்து விழும் அலைகளின் ஊடாகத் துணிக்கட்டுகளைக் கொண்டு சேர்த்தவை சலங்குகள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு படித்தவர்களுக்கு இச்சொல் பழக்கமானது. ஆணி அறையாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகுகள். அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். ஐரோப்பியரின் படகுகள் இந்த அலையில் நொறுங்கிவிடும் என்பதால் கரைவாழ் படகோட்டிகளின்றி ஒரு கட்டுத் துணிகூடக் கப்பலேற முடியாது. கல்லறைகளில் ஆளுநர்களின் பெயர்கள் இருக்கின்றன; இவர்கள் பெயர்களோ, நெய்தவர் பெயர்களோ எங்கும் பொறிக்கப்படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரக்கு இப்போது கன்டெய்னரில் தூத்துக்குடிக்குப் போகிறது. அட்டைப் பெட்டியின் மேல் வாங்குபவரின் பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும்.