சட்டமும் சமூக ஏற்பும்: சிங்கப்பூரில் பாலினச் சிறுபான்மையினர் – ஒரு வரலாற்று நோக்கு

சமூக ஏற்பு என்பது படிப்படியாக எல்லார்க்கும் ஒருசேர விரிவடைவது என்பது பொதுவான கருத்து. சிங்கப்பூரின் வரலாறு இக்கருத்திற்கு முற்றும் இயைந்ததாக இல்லை. பால்மாற்று அறுவை மருத்துவம் செய்துகொண்டோர் இங்கு 1970களிலேயே சட்ட அடையாளம் பெற்றனர். தன்பால் ஈர்ப்புடைய ஆண்களின் உறவோ 2023 ஜனவரி வரை ஏட்டளவில் குற்றமாகவே இருந்தது. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டியே நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டம் 1871இல் இயற்றப்பட்டது. ‘இயற்கைக்கு மாறான’ உறவைத் தண்டிக்கும் 377ஆம் பிரிவு அவ்வழியாகவே இங்கு வந்தது. 1938இல் சேர்க்கப்பட்ட 377ஏ பிரிவு, ஆண்களுக்கிடையிலான உறவை, அது தனியிடத்தில் நிகழ்ந்தாலும், ஈராண்டு வரை சிறைத்தண்டனைக்குரியதாக்கியது. இதன் மூலம் 1885ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டமாகும். பெண்களைப் பற்றி இப்பிரிவு பேசவில்லை. பின்னாளில் ஆசிய விழுமியத்தின் பெயரால் காக்கப்பட்ட இப்பிரிவு காலனித்துவ ஆட்சியின் எச்சமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1950கள் தொட்டுப் பூகிஸ் வீதியில் இரவுதோறும் திருநங்கையர் கூடினர்; அவர்களைக் காண மாலுமிகளும் சுற்றுப்பயணிகளும் திரண்டனர். 1971இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், இலங்கையில் பிறந்த பேராசிரியர் ரத்தினம் சிங்கப்பூரின் முதல் பால்மாற்று அறுவை மருத்துவத்தை மேற்கொண்டார். 1973 முதல் அத்தகையோர் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. 1980களின் நடுவில் பெருவிரைவு இரயில் நிலையப் பணிகளுக்காகப் பழைய பூகிஸ் வீதி அகற்றப்பட்டது. 1991இல் உயர்நீதிமன்றம் இத்தகையோரின் திருமணம் ஒன்றைச் செல்லாது என்றது. 1996இல் மாதர் சாசனம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கியது.

தன்பால் ஈர்ப்புடையோரின் நிலை வேறாக இருந்தது. 2007இல் 377ஆம் பிரிவு நீக்கப்பட்டபோதும் 377ஏ நிலைநிறுத்தப்பட்டது. ஆயினும் அது முனைந்து செயற்படுத்தப்படாது என அரசு கூறியது. 2009இல் ஹோங் லிம் பூங்காவில் ஏறத்தாழ 2,500 பேர் முதல் ‘பிங்க் டாட்’ நிகழ்வில் கூடினர். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்பிரிவு அரசமைப்புக்கு முரணானதன்று என்றது. 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையடுத்து இங்கும் புதிய வழக்குகள் எழுந்தன. 2022 நவம்பர் 29இல் நாடாளுமன்றம் இப்பிரிவை நீக்கியது. அதனுடன், ஆண்-பெண் திருமண வரையறையை நீதிமன்ற வழக்குகளிலிருந்து காக்கும் அரசமைப்புத் திருத்தத்தையும் நிறைவேற்றியது.

1996, 2022 ஆகிய இரு திருத்தங்களிலும் திருமணமே அளவுகோலாக அமைந்ததை நாம் காண்கிறோம். அறுவை மருத்துவத்தின்வழி ஒரு பாலிலிருந்து மற்றொரு பாலுக்கு மாறியவரை ஆண்-பெண் என்னும் பகுப்பிற்குள் அடக்க இயன்றது. தன்பால் ஈர்ப்போ திருமணத்தின் வரையறையையே வினவியது. ஆகவே, முன்னவர்க்குக் கிட்டிய ஏற்பு பின்னவர்க்குப் பிந்தியது எனலாம்.

தமிழாசிரியர்கள் கருதத்தக்க செய்தியும் இதில் உண்டு. ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல், நீக்கப்பட்ட சட்டத்தைப் போலவே, செயலை மட்டும் சுட்டுகிறது. ‘தன்பால் ஈர்ப்பு’ என்பதோ மனிதரின் இயல்பைச் சுட்டுகிறது. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் இவற்றுள் எச்சொல்லை நம் வாயிலிருந்து கேட்கிறார் என்பது, அவர் அங்கு அச்சமின்றி இருப்பதையும் இல்லாததையும் தீர்மானிக்கக்கூடும்.