தாரும் மூட்டமும்

வாழைத்தாரை மரத்திலேயே முழுக்கப் பழுக்க விட்டால் தோல் வெடிக்கும். வௌவாலும் அணிலும் முந்திக்கொள்ளும். மேல் சீப்பு கனிந்து குழையும்போது நுனிச் சீப்பு காயாகவே நிற்கும். அதனால் முக்கால் விளைச்சலிலேயே தாரை வெட்டி, விற்கும் நாளைக் கணக்கிட்டுப் பழுக்க வைப்பதே தமிழ்நாட்டு வழக்கம். வாழைப்பழத்தைக் கெடாமல் காத்த வரலாறு பெரும்பாலும் காயைக் காத்த வரலாறுதான்.

பழுக்க வைக்கும் பழைய முறைக்கு மூட்டம் போடுதல் என்று பெயர். குழியிலோ சிறிய அறையிலோ வாழைச் சருகைப் பரப்பித் தார்களை நெருக்கி அடுக்குவார்கள். வைக்கோல், வறட்டி, தேங்காய் மட்டை என்று கிடைத்ததைப் பானையிலிட்டுக் கனியவிட்டு, அந்தப் புகையை உள்ளே செலுத்தி, இடுக்குகளைச் சேறு பூசி அடைப்பார்கள். கோடையில் ஒரு நாள் புகை போதும். மார்கழிக் குளிரில் இரண்டு நாள் வேண்டும். புகை மிஞ்சினால் தோல் மஞ்சளாகியும் உள்ளே சதை வேகாததுபோல் கிடக்கும். வீட்டில் நாலைந்து காய் என்றால் அரிசிப் பானையே மூட்டம்.

புகை ஏன் பழுக்க வைக்கிறது என்பதற்கு விடை பிந்தித்தான் கிடைத்தது. விளக்கெரிக்கும் வாயுவில் செடியின் வளர்ச்சியைக் குலைப்பது எத்திலீன் என்று ரஷ்யாவின் நெல்யூபோவ் 1901இல் காட்டினார். பழங்களே அந்த வாயுவை வெளிவிடுகின்றன என்பதை இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் 1934இல் நிறுவினார். மூட்டப் புகையிலும் எத்திலீன் உண்டு. அரிசிப் பானைக்குள் அடைபட்டுக் காயைப் பழுக்க வைப்பதும் காய் தானே விட்ட அதே வாயுதான். ஒரு பழம் கனிந்தால் பக்கத்திலிருக்கும் காயும் கனிவதன் காரணமும் இதுவே.

சென்னைக்கு வரும் தார்கள் நெடுங்காலம் ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியில் இறங்கின. 1996இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. மூட்டத்துக்குப் பொறுமை இல்லாத வியாபாரத்தில் கார்பைடு கல் நுழைந்தது. ஈரம் பட்டதும் அது அசிட்டிலீனை விடும். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். இந்த முறையில் பழுக்க வைத்த பழத்தை விற்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்கின்றன. 2016இல் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்த அனுமதி கிடைத்தது. அந்த வாயுவைச் செலுத்தும் இன்றைய குளிர் சேம்பரும் ஒருவகையில் மூட்டம்தான்; புகை மட்டும் இல்லை.

கோயம்பேட்டுத் தார் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று, அங்கிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பெரும்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த இந்த ஊரில் இப்போது எட்டு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன; 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலிருந்து பலர் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள். தாரைக் கட்டித் தொங்கவிட உத்தரமோ மூட்டம் போடக் கொல்லையோ இந்த வீடுகளில் கிடையாது. தாரைத் தொங்கவிடும் வேலையைப் பெட்டிக்கடையின் கயிறு செய்கிறது. தொங்கும் தாரில் பழத்தின் மேல் பழம் அழுந்துவதில்லை, காற்றும் படுகிறது. தரையில் குவித்த பழத்தின் அடிப்பக்கம் மறுநாளே கறுத்துவிடும். ரஸ்தாளி கனிந்தால் காம்பு விட்டு உதிரும் என்பதால், தாராக நெடுநாள் தொங்க அது தோதுப்படாது. பூவன் பிடித்து நிற்கும்.

ஃப்ரிட்ஜ் வந்தும் வாழைக்குப் பெரிதாக உதவவில்லை. சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வாழையின் தோல் திசு கெட்டுக் கறுக்கும். பச்சைக் காயை அந்தக் குளிரில் வைத்தால் வெளியே எடுத்த பிறகும் ஒழுங்காகப் பழுக்காது. நன்றாகக் கனிந்த பழத்தை இரண்டொரு நாள் வைக்கலாம். தோல் கறுத்தாலும் சதை நன்றாகவே இருக்கும்.

பழுத்த பழத்தையே பல நாள் காக்கும் வழி பழனியில் இருக்கிறது. விருப்பாச்சி மலைவாழையைப் பிசைந்து, நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம், கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துப் பஞ்சாமிர்தம் செய்வார்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. நீர்ப்பசை குறைந்த பழம் என்பதால்தான் மலைவாழைக்கு இந்த இடம். 1970களில் முடிக்கொத்து நோய் தாக்கிக் கீழ்ப்பழனி மலையில் இந்த வாழைத் தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.