கோழிக்குஞ்சு நோய்கள் (மலையகம்)

முட்டையை விட்டு வெளிவந்த முதல் நான்கைந்து வாரங்களில் குஞ்சுகளுக்கு வரும் நோய்களும் குறைபாடுகளும். ஹட்டன்–பொகவந்தலாவை வழியிலுள்ள நோர்வூட் போன்ற தோட்டப் பகுதிகளில் இவற்றுட் பலவற்றுக்கு வேர் குளிரும் ஈரமுமே. மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் லயத்துக் கோழிக்கூடு காய்வதே அரிது.

குஞ்சின் பூமயிர் உடற்சூட்டைக் காக்கப் போதாது. முதல் வாரம் அதற்கு 32–35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை அளவில் குறைக்கலாம். அடைக்கோழியின் சிறகடியில் இது தானாகக் கிடைக்கும். தாயில்லாமல் வாங்கி வளர்க்கும் குஞ்சுக்குப் பெட்டியும் குண்டு மின்குமிழும் தேவை, எல்.ஈ.டி. குமிழில் வெளிச்சம் உண்டு, போதிய சூடு இல்லை. குமிழடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். விலகி நின்று வாய் பிளந்து இரைத்தால் சூடு அதிகம். குளிரில் வாடிய குஞ்சு தீன் எடுக்காது, மற்ற நோய்களையும் தாங்காது. ஆகவே மருந்து தேடுமுன் கூட்டின் சூட்டைப் பார்க்க வேண்டும்.

எச்சம் காய்ந்து பின்புறத்தை அடைப்பது குளிரின் அடுத்த விளைவு. அதைப் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். வயிற்றுப் பக்கம் ஒட்டியிருக்கும் தொப்புள் பொருக்கை எச்சமென்று நினைத்து இழுத்துக் குஞ்சைக் கொன்றுவிடுவோர் உண்டு.

தொப்புள் அழற்சியில் வயிறு உப்பி, தொப்புள் ஈரமாகி நாறும். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே சாவு. அழுக்கான அடைக்கூடையும், குளிர்ந்த நீரில் கழுவி அடை வைத்த முட்டையும் இதற்கு வழி. வெள்ளைக் கழிச்சல் சால்மொனெல்லா கிருமியால் வருவது; நலமாகத் தோன்றும் பெட்டைக்கோழியே முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொடுத்துவிடும். அத்தகைய கோழியின் முட்டையை மறுபடி அடை வைக்கக் கூடாது.

இரத்தக் கழிச்சல் பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்குப் பின் வரும். எச்சத்திலுள்ள ஒட்டுண்ணி முட்டைகள் ஈரத் தரையில் ஓரிரு நாளில் தொற்றும் நிலையை அடைகின்றன. கால்நடை வைத்தியர் சொல்லும் அளவில் அம்புரோலியத்தைக் குடிநீரில் கலந்து கொடுப்பர். நனைந்த மரத்தூளை மாற்றாவிட்டால் நோய் திரும்பும். பூஞ்சணம் பிடித்த மரத்தூள் நுரையீரலையும் கெடுக்கும், அதற்குப் பயனுள்ள மருந்தில்லை.

வழுக்கும் பத்திரிகைத் தாளில் நிற்கும் குஞ்சுக்குக் கால்கள் விரிந்துபோகும். ஆரம்பத்திலேயே இரு கால்களையும் மெல்லிய துணிப்பட்டியால் தளர்வாக இணைத்து, சாக்குத் துண்டின் மேல் விட்டால் சில நாளில் நடக்கும்.